மலையக ஓட்ட வீரரின் இரத்த அறிக்கையை வாசிப்பது எப்படி

லபுக்கலையிலிருந்து நுவரெலியா நோக்கி ஒரு மணி நேரம் ஏறி ஓடுகிறார் ஒருவர். அதே வீதியில் றம்பொடைப் பக்கமாக ஒரு மணி நேரம் இறங்கி ஓடுகிறார் இன்னொருவர். ஏறியவருக்கு மூச்சு வாங்கும். ஓட்டம் முடிந்த கையோடு காதுமடலில் குத்தி எடுக்கும் ஒரு துளி இரத்தத்தில் லக்டேட் லீற்றருக்கு 4 மில்லிமோலோ அதற்கு மேலோ காட்டும். இறங்கியவர் பேசிக்கொண்டே ஓடியிருப்பார், லக்டேட் 2-ஐத் தாண்டியிராது. ஆனால் இரண்டு நாள் கழித்து இருவருக்கும் கிரியேட்டின் கைனேஸ், அதாவது அறிக்கையில் சி.கே. என்று வருவதைப் பார்த்தால் கதை தலைகீழ். ஏறியவருக்கு அது லேசாகக் கூடியிருக்கும். இறங்கியவருக்குப் பல மடங்கு எகிறியிருக்கும், லயத்துப் படி இறங்கவே தொடை இடம் கொடுக்காது.

யாருக்குச் சுமை கூடுதல் என்று கேட்டால் லக்டேட் ஒன்று சொல்லும், சி.கே. அதற்கு நேரெதிராகச் சொல்லும். இரண்டும் பொய்யில்லை. லக்டேட் சொல்வது தசை எவ்வளவு வேகமாகச் சக்தியை எரித்தது என்பதை. சி.கே. சொல்வது தசை இழைகள் எவ்வளவு சேதப்பட்டன என்பதை. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அப்படித் தாங்கும்போதுதான் இழைகள் அதிகம் பாதிக்கப்பட்டு, உள்ளே இருக்க வேண்டிய நொதி இரத்தத்தில் கசிகிறது. பயிற்சிச் சுமை முழுவதையும் ஒரே எண்ணில் அளந்து தரும் இரத்தப் பரிசோதனை இதுவரை கிடையாது. அளவு மீறிய பயிற்சியால் வரும் நாட்பட்ட சோர்வை எந்தத் தனி இரத்தக் குறிகாட்டியாலும் உறுதிப்படுத்த முடியாது என்றுதான் ஐரோப்பிய, அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்புகள் 2013-இல் வெளியிட்ட கூட்டறிக்கையும் சொல்கிறது.

இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் காசு. இருபது, இருபத்தைந்து பரிசோதனைகளைக் கட்டாகக் கட்டி 'விளையாட்டு வீரர் பெக்கேஜ்' என்று விற்கும் வழக்கம் இப்போது எங்கும் வந்துவிட்டது. மாகாண மட்டப் போட்டிக்குத் தயாராகும் தோட்டப் பாடசாலை மாணவிக்கு அதில் முக்கால்வாசி தேவையில்லை. அவளுக்குத் தேவையானது வருடத்துக்கு இரண்டு, மூன்று முறை ஒரு எஃப்.பி.சி.யும் (முழு இரத்தக் கணக்கு) பெரிட்டினும் (இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் அளவு). மற்றவை எல்லாம் குறிப்பிட்ட ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்போது மட்டும். அந்த இரண்டையும்கூட மலையகத்தில் சமவெளியில் வாசிப்பதுபோல வாசிக்க முடியாது என்பதுதான் இங்கே விரிவாகப் பேச வேண்டிய விடயம்.

உயரம் மாறினால் 'சாதாரணம்' மாறும்

எஃப்.பி.சி. அறிக்கையில் ஹீமோகுளோபினுக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் 'சாதாரண அளவு' கடல் மட்டத்து மனிதர்களுக்கானது. கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு டெசிலீற்றருக்கு 12 கிராம், ஆணுக்கு 13 கிராம். அதற்குக் கீழே போனால் இரத்தசோகை. ஆனால் உயரமான இடத்தில் வாழ்பவரின் உடல், குறைந்த ஒட்சிசனை ஈடுகட்டக் கூடுதல் ஹீமோகுளோபினை வைத்திருக்கும். நுவரெலியா நகரம் ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எனவே அங்கே பிறந்து வளர்ந்த ஒருவருக்கு 12 என்பது போதுமான அளவாக இராது.

உலக சுகாதார நிறுவனம் இதற்கென்று ஒரு திருத்த அட்டவணை வைத்திருக்கிறது. 2024-இல் அதைப் புதுப்பித்தார்கள். 500 முதல் 999 மீற்றர் வரை வாழ்பவருக்கு எல்லையுடன் 0.4 கிராமைக் கூட்ட வேண்டும். 1,000 முதல் 1,499 மீற்றர் வரை 0.8 கிராம், 1,500 முதல் 1,999 மீற்றர் வரை 1.1 கிராம். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, தியத்தலாவை எல்லாம் இரண்டாவது படியில் வருகின்றன. நுவரெலியா மூன்றாவது படியில். பதுளை நகரம் முதலாவது படியில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நுவரெலியாவில் வசிக்கும் 16 வயது ஓட்ட வீராங்கனைக்கு ஹீமோகுளோபின் 12.6 என்று அறிக்கை வருகிறது. கொழும்பு ஆய்வுகூடத்தின் கணினிக்கு அவள் எங்கே வசிக்கிறாள் என்று தெரியாது. 12-க்கு மேல் இருப்பதால் எந்த அடையாளமும் இல்லாமல் அச்சடித்து அனுப்பிவிடும். திருத்தத்தோடு பார்த்தால் அவளுக்கான எல்லை 13.1. அவளுக்கு இரத்தசோகை இருக்கிறது. மூன்று மாதமாக நேரம் முன்னேறவில்லை, ஏற்றத்தில் கால் கனக்கிறது என்று அவள் சொன்னால், பயிற்சியைக் குறைப்பதா கூட்டுவதா என்று பயிற்றுவிப்பாளர் மண்டையை உடைப்பதற்கு முன் இந்தக் கூட்டல் கணக்கைப் போட்டிருக்க வேண்டும்.

இந்தத் திருத்தம் அங்கேயே வசிப்பவர்களுக்கு மட்டும்தான். கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ இரண்டு கிழமைப் பயிற்சி முகாமுக்கு வந்தவருக்கு இதைப் போடக்கூடாது. அவருக்கு முதல் சில நாட்களில் ஹீமோகுளோபின் கூடுவது புதிய சிவப்பணுக்களால் அல்ல. இரத்தத்தின் நீர்ப்பகுதி சுருங்குவதால், இருக்கிற பணுக்களே செறிவாகத் தெரிகின்றன. 'மலைக்கு வந்து ஐந்து நாளில் இரத்தம் ஏறிவிட்டது' என்று மகிழ்வது இதனால்தான் வீண். உயரப் பயிற்சியால் சிவப்பணு உற்பத்தி குறிப்பிடத்தக்க அளவு கூட, பொதுவாக 2,000 மீற்றருக்கு மேல் மூன்று, நான்கு கிழமைகள் தங்க வேண்டும். நுவரெலியா நகரம் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. ஹோர்ட்டன் சமவெளி அதைத் தாண்டினாலும் அது தேசியப் பூங்கா, முகாமடித்து ஓட்டம் பழகும் இடமல்ல.

எதிர்ப்பக்கமாகவும் ஒரு குழப்பம் உண்டு. நெடுந்தூரப் பயிற்சி நன்றாகப் பிடித்துக்கொண்டால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். சிவப்பணுக்களின் மொத்தம் குறையாமலே ஹீமோகுளோபின் செறிவு கொஞ்சம் இறங்கித் தெரியும். இது நோயல்ல, பயிற்சியின் பலன். உண்மையான குறைபாட்டிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது பெரிட்டின்.

பெரிட்டினும் பிளேன்டீயும்

பெரிட்டின் என்பது உடலின் இரும்புச்சத்துக் கிடங்கில் எவ்வளவு மிச்சம் என்று சொல்லும் அளவு. ஹீமோகுளோபின் இறங்குவதற்கு மாதக்கணக்கில் முன்பே இது இறங்கத் தொடங்கிவிடும். அதனால்தான் ஓட்ட வீரர்களுக்கு இதைவிடப் பயனுள்ள இரத்தப் பரிசோதனை வேறில்லை என்று துணிந்து சொல்லலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் லீற்றருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் வளர்ந்தவருக்குக் குறைபாடு. விளையாட்டு மருத்துவத்தில் அவ்வளவு தூரம் காத்திருப்பதில்லை, 30 அல்லது 35-க்குக் கீழே வந்ததுமே கவனிக்கத் தொடங்குகிறார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. காய்ச்சல், தொண்டைப் புண், கடுமையான ஓட்டப் போட்டி, இவற்றில் எதற்குப் பின்னாலும் உடலில் அழற்சி இருக்கும். அழற்சி இருந்தால் கிடங்கு காலியாக இருந்தாலும் பெரிட்டின் உயர்ந்து காட்டும். அழற்சி உள்ளவருக்கு உலக சுகாதார நிறுவனமே எல்லையை 70-க்கு உயர்த்திவிடுகிறது. சளிக் காய்ச்சல் விட்டு மூன்றாம் நாள் எடுத்த பெரிட்டின் 48 என்று வந்தால் அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று யாராலும் சொல்ல முடியாது. சுகமாகி இரண்டு கிழமை பொறுத்து எடுங்கள். பொறுக்க முடியாவிட்டால் அதே இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் பார்க்கச் சொல்லுங்கள்.

மலையகத்தில் கிடங்கு காலியாவதற்கான காரணங்களைத் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. காலையில் ரொட்டியும் சம்பலும், கூடவே ஒரு கோப்பை பிளேன்டீ. தேயிலையின் பொலிபீனோல்கள் தாவர உணவில் உள்ள இரும்பைப் பிடித்துக் கட்டிவிடுகின்றன. உணவோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர், அந்த உணவிலிருந்து உறிஞ்சப்படும் இரும்பைப் பாதிக்கு மேல் குறைத்துவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பால் ஊற்றினாலும் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம், அந்தத் தடை நீங்காது. தேநீரை விடச் சொன்னால் மலையகத்தில் யாரும் கேட்கப் போவதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரம் விட்டாலே பாதிப்புக் கணிசமாகக் குறைகிறது. ரொட்டியோடு பிளேன்டீக்குப் பதில் ஒரு கொய்யாப்பழமோ தேசிக்காய்த் தண்ணீரோ எடுத்தால் விற்றமின் சி உறிஞ்சலைக் கூட்டும். நெத்தலியும் கருவாடும் கையில் இருக்கிற மலிவான இரும்பு.

இரண்டாவது காரணம் பயிற்சியே. கடுமையாக ஓடி முடித்த மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஈரலிலிருந்து ஹெப்சிடின் என்ற ஹோர்மோன் உச்சத்துக்கு வந்து, குடலில் இரும்பு உறிஞ்சும் வாசலை மூடிவிடுகிறது. காலை 6 மணிக்கு ஓடி 7 மணிக்கு முடித்தவர் 11 மணிக்கு இரும்பு மாத்திரை விழுங்கினால் பெரும்பகுதி வீண். ஓடுவதற்கு முன்போ, ஓடி முடித்த அரை மணி நேரத்துக்குள்ளோ எடுத்தால் வாசல் திறந்திருக்கும். வைத்தியர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மாத்திரை எடுத்தாலே மறுநாள் வரை ஹெப்சிடின் உயர்ந்திருக்கும் என்பதால், இடைவெளி விட்டு எடுப்பது பலருக்கு உறிஞ்சலையும் கூட்டுகிறது, வயிற்று எரிவையும் குறைக்கிறது. மறுபரிசோதனை எட்டு முதல் பன்னிரண்டு கிழமைக்குப் பிறகு. அதற்கு முன் எடுத்துப் பார்ப்பது காசுக்குக் கேடு.

பெண் பிள்ளைகளின் மாதவிடாய் இழப்பைப் பயிற்றுவிப்பாளர்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். பெண் ஆசிரியை ஒருவர் மூலமாவது கேட்டே ஆக வேண்டும். அதிகமாகப் போனால் இரும்பு குறையும். மூன்று மாதத்துக்கு மேல் வராமலே இருந்தால் அது அதைவிடப் பெரிய எச்சரிக்கை: ஓடும் ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு கிடைக்கவில்லை. செருப்பில்லாமல் தோட்டத்து மண்ணில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழுவும் குடலில் இரத்தத்தைக் குடிக்கும். குடற்புழு மருந்து கொடுக்காமல் இரும்பு மட்டும் கொடுத்தால் ஓட்டைப் பானையில் தண்ணீர் வார்த்த கதைதான்.

தலசீமியாவை மறக்க வேண்டாம்

ஹீமோகுளோபின் குறைந்ததும் இரும்பு மாத்திரை என்பது பழக்கமாகிவிட்டது. இலங்கையில் அப்படிச் செய்வது ஆபத்து, ஏனெனில் இங்கே பரம்பரை இரத்த நோயான தலசீமியாவின் மரபணுவைச் சுமப்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு நோய் இல்லை, நன்றாக ஓடுவார்கள், ஆனால் சிவப்பணுக்கள் பிறவியிலேயே சிறியவை. எஃப்.பி.சி.யில் எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரிப் பருமன், 80-க்குக் கீழே இருக்கும். இரும்புக் குறைபாட்டிலும் அப்படியே இருக்கும். ஆகவே பார்ப்பவர் ஏமாறுவார்.

பிரித்தறிய ஒரு எளிய கணக்கு உண்டு. எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுங்கள். எம்.சி.வி. 66, சிவப்பணு 5.8 என்றால் விடை 11.4. எம்.சி.வி. 74, சிவப்பணு 4.4 என்றால் 16.8. பதின்மூன்றுக்குக் கீழே வந்தால் தலசீமியாச் சுமப்பு என்று சந்தேகிக்கலாம், மேலே வந்தால் இரும்புக் குறைபாட்டின் பக்கம் சாயலாம். இது சந்தேகத்தை எழுப்பும் கணக்கு மட்டுமே, தீர்ப்பல்ல. பெரிட்டின் போதுமான அளவில் இருந்தும் எம்.சி.வி. குறைவாக இருந்தால் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. பரிசோதனைக்கு வைத்தியர் எழுதுவார். சுமப்பவர் என்று உறுதியானால் அந்த வீரருக்கு 11.5 என்பதே அவருடைய வாழ்நாள் இயல்பாக இருக்கலாம். அதை 13 ஆக்க இரும்பைத் திணித்தால் ஓட்டம் வேகமாகாது, ஈரலில் இரும்புதான் படியும்.

சி.கே.: பெரிய எண்ணைக் கண்டு பயப்படுவதற்கு முன்

மருத்துவ ஆய்வுகூடங்கள் சி.கே.க்கு அச்சிடும் மேல் எல்லை பெரும்பாலும் 200 அலகுக்குள் இருக்கும். பயிற்சியில் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது. போட்டியும் பயிற்சியுமாக இருக்கும் வீரர்களிடம் எடுத்த ஓர் ஆய்வில் ஆண்களுக்கு 82 முதல் 1,083 வரையும் பெண்களுக்கு 47 முதல் 513 வரையும் வழக்கமான வீச்சு என்று தெரிந்தது. ஒரே பயிற்சியை ஒன்றாகச் செய்த இருவரில் ஒருவருக்கு 250, மற்றவருக்கு 900 என்று வருவதும் சகஜம். ஆகவே ஆளுக்கு ஆள் ஒப்பிட்டால் ஒன்றும் கிடைக்காது. ஒருவரை அவரோடுதான் ஒப்பிட வேண்டும்.

அதற்கு அடிப்படை வேண்டும். பருவத்தின் தொடக்கத்தில் இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு ஒரு முறை, வழமையான பயிற்சிக் கிழமை ஒன்றின் முடிவில் இரண்டு முறை. இந்த மூன்றும் இருந்தால்தான் நான்காவது எண்ணுக்கு அர்த்தம் வரும். நேரமும் முக்கியம். இறக்க ஓட்டத்துக்குப் பிறகு சி.கே. உச்சத்துக்கு வர ஒரு நாளிலிருந்து நான்கு நாள் வரை ஆகும். ஒரு முறை 24 மணி நேரத்திலும் மறுமுறை 72 மணி நேரத்திலும் எடுத்தால் அளந்தது சேதத்தை அல்ல, கடிகாரத்தை.

அதே இறக்கத்தை இரண்டு, மூன்று கிழமைக்குள் மீண்டும் ஓடினால் சி.கே. முதல் தடவையின் பாதிகூட வராது. தசை பழகிவிட்டது. கண்டி போகம்பறையிலோ கொழும்பிலோ சமதளத்தில் பழகிய பிள்ளை லீவுக்கு மஸ்கெலியாவுக்கு வந்து முதல் நாளே மலைப்பாதையில் இறங்கி ஓடினால் எண் வானத்தைத் தொடும். இங்கேயே வளர்ந்தவருக்கு அதே பாதையில் ஒன்றும் ஆகாது. புதிதாக வருபவருக்கு முதல் கிழமையில் இருபது நிமிடத்துக்கு மேல் இறக்கம் வேண்டாம் என்பதைச் சொல்ல இரத்தப் பரிசோதனை தேவையில்லை.

சி.கே. ஆயிரக்கணக்கில் ஏறி, சிறுநீர் பால் விடாத தேநீரின் நிறத்துக்கு மாறி, தொடை வீங்கி வலித்தால் அது பயிற்சிக் கணக்கு அல்ல. தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொன்றும் இங்கே உண்டு. எலிக்காய்ச்சலிலும் கெண்டைக்கால் தசை கடுமையாக வலிக்கும், சி.கே.யும் ஏறும். மழைக்காலத்தில் சேற்றிலோ வயலிலோ மரக்கறித் தோட்டத்திலோ கால் வைத்த ஒருவருக்குக் காய்ச்சலோடு சி.கே. உயர்ந்தால் 'நேற்றைய இறக்கம்' என்று சொல்லித் தட்டிக்கழிக்கக் கூடாது.

இரத்தம் எடுக்கும் காலை

அறிக்கையில் வரும் பிழைகளில் பெரும்பங்கு ஆய்வுகூடத்தின் இயந்திரத்தில் நடப்பதில்லை. ஊசி ஏறுவதற்கு முந்திய சில மணி நேரத்திலும், இரத்தம் வீதியில் பயணிக்கும் நேரத்திலும் நடக்கிறது.

ஞாயிறு ஓய்வு, திங்கள் காலை 7 முதல் 8 மணிக்குள் இரத்தம் என்பது நல்ல ஒழுங்கு. முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும். தண்ணீரைக் குறைக்கக் கூடாது. குளிரில் தாகம் எடுக்காததால் மலையகப் பிள்ளைகள் பலர் நீர் குறைந்த உடலோடுதான் வருகிறார்கள், அது ஹீமோகுளோபினையும், புரதம் சிதைவதால் வரும் கழிவான யூரியாவையும் செயற்கையாக உயர்த்தும். ஆய்வுகூடத்துக்குப் படியேறி வந்ததும் கையை நீட்டிவிடாமல் பத்து நிமிடம் கால் ஊன்றி உட்கார்ந்திருக்க வேண்டும். நின்ற உடலுக்கும் படுத்த உடலுக்கும் இடையில் ஹீமோகுளோபின் 5 சதவீதத்துக்கும் மேல் மாறலாம். ஊக்கமருந்துத் தடுப்புக்காக வீரரின் இரத்தத்தைத் தொடர்ந்து கண்காணிக்கும் உலகத் திட்டத்தில்கூட இந்தப் பத்து நிமிடமும், பயிற்சிக்குப் பின் ஓர் இடைவெளியும் கட்டாயம். கையைக் கட்டும் பட்டி ஒரு நிமிடத்துக்கு மேல் இறுகியிருக்கக் கூடாது.

விரல் குத்தி ஹீமோகுளோபின் பார்க்கும் முகாம்களில் இன்னொரு தவறு நடக்கும். ஜனவரிக் காலையில் விறைத்த விரலில் இரத்தம் வராது, பிதுக்குவார்கள். பிதுக்கினால் திசுநீரும் சேர்ந்து வரும், அளவு குறைந்து காட்டும். வெந்நீரில் இரண்டு நிமிடம் கையை நனைத்துத் துடைத்துவிட்டுக் குத்தினால் போதும்.

பிறகு போக்குவரத்து. ஊதா மூடிக் குழாய் எஃப்.பி.சி.க்கு, சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாய் பெரிட்டின், சி.கே., யூரியாவுக்கு. பின்னதை அரை மணி நேரம் உறைய விட்டு, சுழற்றிப் பிரித்த பிறகே அனுப்ப வேண்டும். பிரிக்காமல் ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வளைவுகள் வழியே குலுங்கக் குலுங்கக் கொண்டுபோனால் சிவப்பணுக்கள் உடையும். எல்.டி.எச்., ஏ.எஸ்.டி. என்ற நொதிகள், பொட்டாசியம் எல்லாம் பொய்யாக ஏறும், சி.கே.யும் ஓரளவு குழம்பும். ஊதாக் குழாய் ஒருநாள் தாமதித்தால் பணுக்கள் ஊதி எம்.சி.வி. கூடிவிடும். சிறிய பணு சாதாரணப் பணுவாக வேடம் போடும். இரத்தத்தை எங்கே எடுக்கிறார்கள் என்பதைவிட எங்கே, எத்தனை மணிக்குப் பரிசோதிக்கிறார்கள் என்று கேட்பது முக்கியம். ஒரு முறை ஓர் ஆய்வுகூடம், மறுமுறை இன்னொன்று என்று மாறவும் கூடாது.

எவ்வளவு மாறினால் மாற்றம்?

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரே ஆளின் எண்கள் நாளுக்கு நாள் தாமாகவே அசையும். அந்த அசைவையும் இயந்திரத்தின் அசைவையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஹீமோகுளோபின் ஏறக்குறைய 9 சதவீதமாவது மாறினால்தான் அது உண்மை மாற்றம் என்று நம்பலாம். 13.0 இருந்தவருக்கு 12.4 வந்தால் ஒன்றும் சொல்வதற்கில்லை, 11.8 வந்தால் உண்டு. பெரிட்டினுக்கு இது 40 சதவீதம்: 40 என்பது 33 ஆனதற்காகக் கலவரப்பட வேண்டியதில்லை, 24-க்குக் கீழே போனால் பேச வேண்டும். யூரியாவுக்கு 35 சதவீதத்துக்கும் மேல், சி.கே.க்கு 50 சதவீதத்துக்கும் மேல். இரண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்து 'குறைந்திருக்கிறது' என்று வட்டமிடும் பழக்கம் பல நல்ல பயிற்சித் திட்டங்களைக் கெடுத்திருக்கிறது.

லக்டேட்டுக்கு ஆய்வுகூடம் வேண்டாம், கைக்கருவி போதும். நான்கு நிமிட ஓட்டங்களாக ஐந்து படி, ஒவ்வொரு படியும் கொஞ்சம் வேகமாக, ஒவ்வொன்றின் முடிவிலும் முப்பது விநாடிக்குள் காதுமடலில் ஒரு துளி. முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுக்க வேண்டும். வியர்வையில் இரத்தத்தைவிடப் பல மடங்கு லக்டேட் இருப்பதால் தோலை நன்றாகக் காயவைக்காவிட்டால் எண் கூடிவிடும். ஹட்டன் டன்பார் மைதானம் போன்ற சமதளத்தில் மட்டுமே செய்யுங்கள், சரிவில் வேகத்தை ஒப்பிட முடியாது. அதிகாலைக் குளிரில் கருவி பிழை காட்டினால் சட்டைப்பைக்குள் வைத்துச் சூடாக்குங்கள். மிகக் கவனமாக வாசிக்க வேண்டிய இடம் இது: அதே வேகத்துக்கு லக்டேட் குறைந்தால் முன்னேற்றம் என்பார்கள். முதல் நாள் சரியாகச் சாப்பிடாமல் தசையில் சேமித்த எரிபொருளான கிளைக்கோஜன் தீர்ந்தவருக்கும் அது குறையும். உச்ச வேகமும் சேர்ந்து குறைந்து, 'கால் இழுக்கிறது' என்று அவர் சொன்னால் அது களைப்பு.

யூரியாவில் ஓர் எச்சரிக்கை மட்டும்: சில அறிக்கைகள் யூரியாவையும் சில அறிக்கைகள் யூரியா நைதரசனையும் அச்சிடுகின்றன. இரண்டாவதை 2.14-ஆல் பெருக்கினால்தான் முதலாவது வரும். முந்தின இரவு கோழிக்கறி சாப்பிட்டாலும் அது ஏறும். கோட்டிசோல், டெஸ்டொஸ்டெரோன் என்ற இரண்டு ஹோர்மோன்களையும் வகுத்துப் பார்க்கும் விகிதம் எண்பதுகளில் பெரிதாகப் பேசப்பட்டது. எழும்பின நேரம், தூக்கம், பரீட்சைப் பயம் எல்லாவற்றுக்கும் ஆடும் இந்த எண்ணுக்குப் பாடசாலை மட்டத்தில் காசு செலவழிப்பது நியாயமில்லை.

சுமையை அளக்க அன்றாடம் வேண்டியது ஒரு கொப்பிதான். பயிற்சி முடிந்து அரை மணி நேரத்தில் 'எவ்வளவு கஷ்டமாக இருந்தது' என்று 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்லச் சொல்லி, அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள். அறுபது நிமிடம், கஷ்டம் 7 என்றால் 420. அதனோடு தூக்கம், காலை நாடி, கால் வலி. 56 ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளிவந்த ஒரு மீளாய்வு, வீரர் தானே சொல்லும் இப்படியான பதில்கள் இரத்தக் குறிகாட்டிகள் போன்ற அளவீடுகளைவிடச் சுமையை நுட்பமாகவும் சீராகவும் காட்டுவதாக முடிவு செய்தது. கொப்பியில் இரண்டு கிழமை தொடர்ந்து ஒரு பிள்ளையின் எண்கள் கெட்டால், அப்போது இரத்தம் எடுங்கள். அப்போதுதான் அறிக்கையிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கும்.

கடைசியாகச் சட்டம். களைத்த பிள்ளைக்கு 'சேலைன் ஒன்று ஏற்றினால் சரியாகும்', 'இரும்பு ஊசி போட்டால் சீக்கிரம் ஏறும்' என்று யாராவது சொல்லக்கூடும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி, 12 மணி நேரத்துக்குள் 100 மில்லிலீற்றருக்கு மேல் நாளத்தில் ஏற்றுவது, அதற்குள் இருப்பது வெறும் உப்புநீராக இருந்தாலும், தடைசெய்யப்பட்டது. வைத்தியசாலைச் சிகிச்சை, சத்திரசிகிச்சை, நோய் கண்டறியும் பரிசோதனை ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. தேசிய மட்டத்துக்குப் போகும் வீரருக்கு வைத்தியர் அப்படி ஏற்ற வேண்டியிருந்தால் திகதி, அளவு, காரணம் மூன்றையும் எழுத்தில் வாங்கிக் கொப்பியில் ஒட்டி வைக்க வேண்டும், இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையத்திடம் அனுமதி தேவையா என்று முன்கூட்டியே விசாரிக்கவும் வேண்டும்.